மார்ஃபின், டிரமடால் வீட்டுக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் மருந்துக் கவுண்டருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றைத் தொடர்ந்து பார்க்கிறேன். மார்ஃபின் என்றதும் குடும்பமே வெளிறிப் போகிறது; எழுதிக் கொடுத்த அளவில் பாதியைக்கூட நோயாளிக்குக் கொடுப்பதில்லை. அதே வீட்டில் டிரமடால் பனடோலுக்குப் பக்கத்தில் கிடக்கும். முதுகு வலி என்று வருகிற சொந்தக்காரர் யாருக்கும் அதிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் ஓப்பியாய்டு என்ற ஒரே வகை வலி மருந்துதான். பயம் தேவைப்படாத இடத்தில் மிகுதியாகவும் தேவைப்படுகிற இடத்தில் குறைவாகவும் இருக்கிறது. கீழே உள்ளவை பொதுவான பதில்கள். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எந்தெந்த மருந்துகள் இந்த வகையில் வரும்?

ஓப்பியாய்டு என்பது பொதுப்பெயர். அபினிலிருந்து எடுத்தவையும், அதைப்போலவே வேலை செய்யும்படி ஆலையில் தயாரித்தவையும் இதில் அடங்கும். மூளையிலும் முதுகுத்தண்டிலும் வலி உணர்வு கடந்து போவதை இவை மட்டுப்படுத்துகின்றன. நம் ஊரில் அதிகம் பார்ப்பது டிரமடால், பலர் டிஎஃப் 118 என்றே சொல்லும் டைஹைட்ரோகோடீன், மார்ஃபின், ஆக்சிகோடோன், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை. கோடீன் கலந்த இருமல் மருந்தும் இந்தக் குடும்பம்தான்.

பனடோல், போன்ஸ்டன், வோல்டரன், ஆர்கோக்சியா இவற்றில் சேராது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அவற்றில் சில செய்யும் கெடுதல் தனிக் கதை.

மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில் மூன்றும் 1952-ஆம் ஆண்டு அபாயகரமான மருந்துகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கவுண்டரில் ஐசி கேட்பதும் கையெழுத்து வாங்குவதும் அதற்காகத்தான், உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. உறையில் 'உபாட் தெர்க்காவால்' (கட்டுப்பாட்டில் உள்ள மருந்து) என்று இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆன்டிபயாடிக் உறையிலும் அது இருக்கும். மருந்தின் பெயரைப் படியுங்கள்.

அப்பாவுக்கு மார்ஃபின் எழுதிவிட்டார்கள். இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அர்த்தமா?

இல்லை. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும், விபத்தில் எலும்பு முறிந்தவருக்கும், மாரடைப்போடு வந்தவருக்கும் மார்ஃபின் கொடுக்கிறார்கள். அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்ஃபின் இருந்தது. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை அதே நிறுவனம் 1986-இல் வகுத்தது. வலி எந்த அளவில் இருக்கிறதோ அந்தப் படியில் மருந்து. ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று அதில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

வலி அடங்கினால் சாப்பிடலாம், தூங்கலாம், கீமோ, ரேடியேஷன் இவற்றுக்குப் போய் உட்கார முடியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மார்ஃபின் எடுத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறிய அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவதால் அது உயிரைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போவதில்லை. நோய் முற்றியவர்களுக்கு வரும் மூச்சுத்திணறலைத் தணிக்கவும் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு.

நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் வேறு. "ராத்திரிக்கு மட்டும் குடுக்கிறோம், பகல்ல தாங்கிக்கிறாரு" என்பார்கள். 12 மணி நேரத்துக்கு மெல்ல வேலை செய்யும் மாத்திரையை ஒரு வேளை விட்டால், மறுநாள் மதியத்துக்குள் வலி பழையபடி ஏறிவிடும். ஏறிய வலியை இறக்க வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து தேவைப்படும். குறைத்துக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு கடைசியில் அதிகம் கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிடுகிறோம்.

அம்மா டாக்டரிடம் "பரவாயில்லை" என்கிறார். வீட்டுக்கு வந்தால் அழுகிறார். என்ன செய்வது?

நம் அம்மாக்கள், பாட்டிகள் எல்லோரும் இப்படித்தான். அரசு மருத்துவமனைகளில் 2008 முதல் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போலவே வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகப் பதிகிறார்கள். தாதி வந்து 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பார். அம்மா மரியாதைக்கு "மூணு" என்று சொல்லிவிடுவார். அந்த மூன்றை நம்பித்தான் மருந்து வரும்.

எண்ணைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். படுக்கையில் தானாகத் திரும்ப முடிகிறதா? சாமி விளக்கு ஏற்ற நிற்க முடிகிறதா? ராத்திரி எத்தனை முறை விழித்தார்? உட்கார்ந்து பசியாறினாரா, படுத்தபடியா? ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், என்ன வலி, எந்த மருந்து, கொடுத்து எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்று குறித்து வாருங்கள். அதை டாக்டர் மேசையில் வைத்தால் போதும், அம்மா பேசவே வேண்டாம். அந்த நோட்டு இருந்தால் மருத்துவருக்கு அளவைத் திருத்துவது எவ்வளவு சுலபம் தெரியுமா!

இதற்கு அடிமையாகிவிட மாட்டாரா?

மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

நாளாக நாளாக அதே அளவு போதாமல் போகலாம். உடல் பழகிவிட்டது, அல்லது நோய் வளர்ந்து வலி கூடியிருக்கிறது. இது முதலாவது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வியர்க்கும், வயிற்றுப்போக்கு, உடல்வலி, மயிர்க்கூச்சம் எல்லாம் வரும். உடல் அந்த மருந்தை எதிர்பார்க்கிறது. இது இரண்டாவது. இந்த இரண்டும் யாருக்கும் நடக்கும், ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடிமைப்படுதல் மூன்றாவது. வலி இல்லாதபோதும் மருந்து தேடுவது, எழுதியதைவிட அதிகம் விழுங்கிவிட்டு மறைப்பது, இரண்டு மூன்று கிளினிக்கில் ஒரே மருந்தை வாங்குவது, வேலையும் குடும்பமும் கெட்டாலும் விட முடியாமல் போவது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கிற பெரியவருக்கு இது வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் முதுகு வலி, மூட்டு வலி என்று மாதக்கணக்கில் டிரமடாலோ டிஎஃப் 118-ஓ போடுகிற நாற்பது வயதுக்காரருக்கு அந்த வாய்ப்பு மெய்யாகவே உண்டு. முன்பு மது, போதைப்பழக்கம் இருந்தவருக்கும், மனச்சோர்வில் இருப்பவருக்கும் கூடுதல். அப்படி இருந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்காக மருந்து தராமல் விட மாட்டார்கள், கவனமாகத் தருவார்கள்.

உறையில் மலாயில் இருக்கிறது. அப்பாவுக்குப் படிக்க வரவில்லை.

முக்கியமானது இரண்டே வகை. 'டுவா காலி செஹாரி' என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குப் போட வேண்டிய மருந்து அது. 'பீலா பெர்லு' என்றால் தேவைப்படும்போது மட்டும். மார்ஃபின் எடுப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டும் தருவார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரை காலை 8, இரவு 8. இடையில் வலி குத்திக்கொண்டு வந்தால் தண்ணீர் மருந்தோ சின்ன கேப்சூலோ. இந்த இரண்டாவது வகையை எத்தனை மணி நேர இடைவெளியில் திரும்பக் கொடுக்கலாம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை தடவை என்று கேட்டு, அந்த உறையின் மேலேயே தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள். மறுபடி மறுபடி அதைத் தேட வேண்டியிருந்தால் அது ஒரு தகவல்: நேரத்துக்குப் போடும் மருந்து போதவில்லை. அடுத்த அப்பாய்ண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மார்ஃபின் தண்ணீர் மருந்தைக் கரண்டியால் அளக்கலாமா?

வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சை ஃபார்மசியில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் 5 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும், ஆனால் வேறு அடர்த்தியிலும் வரலாம். மில்லி வேறு, மில்லிகிராம் வேறு. தவறு நடப்பது இங்கேதான். "பத்து குடுக்கச் சொன்னாங்க" என்று கேட்டு வந்தவர் 10 மில்லி ஊற்றினால், கொடுத்தது 20 மில்லிகிராம். இருமல் மருந்து வைக்கும் தட்டில் இந்தப் பாட்டிலை வைக்கவே கூடாது.

விழுங்க முடியவில்லை. மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாமா?

12 மணி நேர மாத்திரையைப் பொடிக்கவோ கடிக்கவோ பாதியாக உடைக்கவோ கூடாது. அரை நாளுக்கு மெல்ல மெல்லக் கசிய வேண்டிய மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இரத்தத்துக்குப் போய்விடும். மூச்சு நின்றுபோகக் காரணமாகும் தவறுகளில் இது ஒன்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தாலும் இதேதான். விழுங்க முடியவில்லை என்று சொன்னால் தண்ணீர் மருந்தாகவோ பட்டையாகவோ மாற்றித் தருவார்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

மலச்சிக்கல் தாங்க முடியவில்லை. மருந்தையே நிறுத்திவிடலாம் போல் இருக்கிறது.

வேறு எந்தத் தொல்லையையும்விட இதற்காக மருந்தை விட்டவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல் குறையாது. மருந்து போகும் காலம் வரை அதுவும் கூடவே வரும், ஏனென்றால் இந்த மருந்துகள் குடலின் அசைவையே மந்தமாக்குகின்றன. ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். நான்கு நாள் போகாமல் வயிறு கல்லாகிவிட்ட பிறகு வந்தால் எனிமா வரை போக வேண்டியிருக்கும்.

கீரை, பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் நல்லது, ஆனால் அவை மட்டும் போதாது. குடலைத் தூண்டும் சென்னா அல்லது பிசாகோடில், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் என்று மருத்துவரே எழுதித் தருவார். எழுதவில்லை என்றால் கேளுங்கள். "லாக்டுலோஸ் இனிக்குதே, எனக்கு இனிப்புநீர் ஆச்சே" என்று பலர் தொடுவதில்லை. வழக்கமான அளவில் அது இரத்தத்தில் அதிகம் சேர்வதில்லை. சந்தேகமிருந்தால் கேட்டுவிட்டுக் குடியுங்கள். நார்த்தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற வழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்: போதிய தண்ணீர் குடிக்க முடியாத நோயாளிக்கு அது குடலில் அடைத்துக்கொள்ளலாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வாந்தி வருகிறது, எந்நேரமும் தூங்குகிறார், உடம்பு அரிக்கிறது.

குமட்டல் முதல் வாரத்தோடு பெரும்பாலும் போய்விடும். அதற்கு மாத்திரை உண்டு. தூக்கக் கலக்கம் தொடங்கிய முதல் சில நாளும், அளவைக் கூட்டிய பிறகும் இருக்கும். பல இரவு வலியில் விழித்திருந்தவர் வலி அடங்கியதும் அசந்து தூங்குவதும் உண்டு. கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் தூங்கவிடுங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். அரிப்பு வந்தாலே ஒவ்வாமை என்று பொருளில்லை. முகம் வீங்கினால், தடிப்புகள் எழும்பினால், மூச்சு வாங்கினால் அது ஒவ்வாமை. அரிப்புக்குப் பிரிட்டான் என்ற ஒவ்வாமை மாத்திரையைப் போடும் முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

எவற்றோடு சேர்த்துப் போடக்கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்த வகை மருந்தின் பெரிய ஆபத்து மூச்சு மெதுவாகி நின்றுபோவது. தூக்கம் வரவழைக்கிற வேறு எதுவும் அதோடு சேர்ந்தால் ஆபத்து கூடிவிடும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், லோரசெபம், டயசெபம், நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின், சளிக்கும் அரிப்புக்கும் போடும் பிரிட்டான், சளி-இருமல் தண்ணீர் மருந்துகள் பல. பீர், சம்சு, கல்யாண வீட்டில் ஒரு பெக், எல்லாமே இதில் வரும். "கொஞ்சம்தானே" என்பதற்கு இங்கே இடமில்லை. இவற்றில் சிலவற்றை மருத்துவரே தெரிந்து சேர்த்துத் தருவதுண்டு. அது வேறு, அதற்கு அளவைக் குறைத்திருப்பார். இரண்டு வேறு கிளினிக்கில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதுவதுதான் சிக்கல். வீட்டில் உள்ள அத்தனை மருந்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் கவுண்டரில் எல்லோரிடமும் சொல்வேன்.

தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்களுக்குத்தான் அது தெரியும்.

அப்புறம் பனடோல், அதாவது பாராசிட்டமால். அல்ட்ராசெட் என்ற மாத்திரை ஒன்றில் 37.5 மில்லிகிராம் டிரமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கின்றன. அதோடு காய்ச்சலுக்கு இரண்டு இரண்டாகப் பனடோலும் போட்டால் பாராசிட்டமால் கணக்கு எகிறிவிடும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. கல்லீரல் கெட்டவருக்கும் மெலிந்தவருக்கும் அதற்கும் குறைவு.

லேகியம், ஜாமு, வாதப் பொடி? பாக்கெட்டில் 'மால்' (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லையென்றால் தொடாதீர்கள். பதிவில்லாத மூட்டு வலி மருந்துகளில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. போட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்றால் மூலிகையின் மகிமையாக மட்டும் இருக்காது.

மாமாவுக்குக் கொடுத்த டிரமடால் மிச்சம் இருக்கிறது. எனக்கும் இடுப்பு வலி. ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. மாமாவுக்குச் சரியான அளவு உங்களுக்குச் சரியில்லாமல் போகச் சில காரணங்கள் சொல்கிறேன். வலிப்பு நோய் இருந்தவருக்கு டிரமடால் வலிப்பை வரவழைக்கும். மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், ஃபுளுவோக்செட்டின், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்கு அதோடு டிரமடால் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடுவதும் உண்டு. இன்சுலின் போடுகிறவர் சாப்பிடாமல் டிரமடாலும் போட்டு மயங்கினால், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு டிரமடாலும் கோடீனும் கூடவே கூடாது. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அப்படித்தான். சிலர் உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அது தாய்ப்பாலில் போய்க் குழந்தையின் மூச்சைப் பாதித்திருக்கிறது.

அத்தை டயாலிசிஸ் போகிறார். மார்ஃபின் கொடுக்கலாமா?

நம் சமூகத்தில் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்கள் அதிகம் என்பதால் இது சாதாரணக் கேள்வி இல்லை. மார்ஃபின் உடலில் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அவை தேங்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து அதிகத் தூக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, உளறல் என்று வரும். கோடீனுக்கும் டைஹைட்ரோகோடீனுக்கும் இதே பிரச்சினை. ஃபென்டனில் போன்றவை இவர்களுக்குத் தோதானவை. புது மருத்துவர் யாரைப் பார்த்தாலும் "டயாலிசிஸ்" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள்.

ஃபென்டனில் பட்டை போட்டிருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? ஒத்தடம் கொடுக்கலாமா?

பட்டையை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒட்டிய முதல் 12 முதல் 24 மணி நேரத்தில் மெதுவாகத்தான் வேலை ஏறும். எடுத்த பிறகும் ஏறக்குறைய ஒரு நாள் தோலுக்கடியில் சேர்ந்த மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதனால்தான் திடீர் வலிக்குப் பட்டை உதவாது. இதுவரை இந்த வகை மருந்தே எடுக்காதவருக்கு எடுத்த எடுப்பில் ஒட்டவும் கூடாது. அடுத்தவர் பட்டையை ஒட்டிக்கொள்வது டிரமடால் கடன் வாங்குவதைவிட மோசம்.

சூடுதான் எதிரி. பட்டைக்கு மேலோ பக்கத்திலோ வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், சூடான எண்ணெய் உருவல், மின்சாரப் போர்வை எதுவும் வேண்டாம். சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும். காய்ச்சல் அடித்தாலும் அப்படியே. தைப்பூசத்தன்று பத்துமலையில் வெயிலில் மணிக்கணக்கில் நின்று 272 படி ஏறுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். விடியற்காலையில் போய் வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும், தண்ணீர் குடியுங்கள்.

சாதாரணக் குளியல் பரவாயில்லை. தீபாவளி எண்ணெய்க் குளியல் கேட்பார்கள்: தலைக்கு மட்டும் தொட்டு வைத்து, மார்பிலும் கையிலும் எண்ணெய் படாமல் வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். எண்ணெய், பவுடர், தைலம் பட்ட தோலில் பட்டை ஒட்டாது. ஒட்டும் இடத்தை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துங்கள். முடி இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், சவரம் வேண்டாம். இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். தேதியையும் நேரத்தையும் பட்டை மேல் எழுதுங்கள். புதியது ஒட்டும் முன் பழையதை எடுத்தீர்களா என்று முதுகுப் பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரே உடம்பில் இரண்டு பட்டை இருந்தது தெரியாமல் மயக்கத்தில் வந்து சேர்கிறவர்கள் உண்டு.

எடுத்த பட்டையில் மருந்து இன்னும் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகள் கை எட்டாத டப்பாவில் போட்டு வைத்து, அடுத்த முறை வரும்போது ஃபார்மசியில் கொடுத்துவிடுங்கள். பேரன் தாத்தா மேல் படுத்துத் தூங்கும் வீடுகளில் பட்டை அவன் தோலுக்கு மாறிவிடலாம். பிள்ளைகள் அதைப் பிளாஸ்டர் என்று நினைத்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அங்கே பட்டையை முதுகின் மேல்பக்கம் ஒட்டி, சட்டை போட்டு மூடி வைப்பது நல்லது.

மோட்டார் ஓட்டலாமா?

தொடங்கிய நாட்களிலும் அளவு மாற்றிய நாட்களிலும் கூடாது. அதே அளவில் பழகி, தூக்கக் கலக்கம் இல்லை என்றான பிறகு மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மதுவை மட்டும் சொல்லவில்லை, நிதானம் இழக்கச் செய்யும் மருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்பது விபத்தில் சிக்கினால் கேடயம் ஆகாது.

அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்வது?

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் எழவில்லை. மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே, அல்லது களகளவென்று வழக்கமில்லாத குறட்டை. கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருக்கிறது. நம் நிறத்தில் உதடு நீலமாவது சட்டென்று தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நகம் பாருங்கள்.

999-க்குக் கூப்பிடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். பட்டை இருந்தால் உரித்து எடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் தொலைபேசியில் இருப்பவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், காப்பி, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டவும் வேண்டாம்.

நாலோக்சோன் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அது போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார், "சரி, வீட்டுக்குப் போகலாம்" என்று தோன்றும். நாலோக்சோனின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். 12 மணி நேர மாத்திரையோ பட்டையோ அதற்குப் பிறகும் உடலில் இருக்கும். டாக்டர் போகச் சொல்லும் வரை இருங்கள்.

வலி போய்விட்டது. நிறுத்திவிடலாமா?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாள் மட்டும் எடுத்தவர் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் எடுத்தவர் தானாக நிறுத்தக்கூடாது. மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். ரேடியேஷன் முடிந்து வலி குறையும்போது இது முக்கியம், ஏனென்றால் பழைய அளவே அப்போது அதிகமாகிவிடும். சில வாரம் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குபவர் பழைய அளவிலேயே தொடங்கினால் ஆபத்து. உடல் பழக்கம் போயிருக்கும்.

வீட்டில் ஒருவர் இதை விட முடியாமல் தவிக்கிறார். போலீஸ் பிரச்சினை ஆகுமா?

மருத்துவரிடம் போவது சிகிச்சைக்குத்தான். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே முதலில் பேசுங்கள். முடியாவிட்டால் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதாரக் கிளினிக். இந்தப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மெத்தடோன் சிகிச்சை நம் நாட்டில் 2005-இல் தொடங்கியது, இன்று பல அரசு கிளினிக்குகளில் உண்டு. ஒளித்து வைத்து, அறையில் பூட்டி, கோயிலில் கயிறு கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் வருகிறார்கள். கயிறு கட்டுங்கள், அன்றைக்கே கிளினிக்குக்கும் வாருங்கள்.

தாத்தா போய்விட்டார். மார்ஃபின் பாட்டிலும் பட்டையும் மீதம் இருக்கின்றன.

துக்கத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறையச் சொந்தம், பிள்ளைகள், வருவோர் போவோர். முதல் நாளே ஒருவர் பொறுப்பெடுத்து எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடுங்கள். பிறகு, வாங்கிய மருத்துவமனை ஃபார்மசியில் திருப்பிக் கொடுங்கள். பணம் திரும்ப வராது, கேள்வி கேட்க மாட்டார்கள். தெரிந்தவர் யாருக்காவது உபயோகப்படும் என்று கைமாற்றிவிடாதீர்கள், அது சட்டப்படியும் குற்றம்.

சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ எடுத்துப் போகலாமா?

பெயர் ஒட்டிய அசல் உறையோடு, மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தோடு, கைப்பையில். சிங்கப்பூருக்கு மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில் கொண்டுபோக அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்னனுமதி வேண்டும். ஜோகூர் பாலத்தில் போய் நின்றுகொண்டு கேட்க முடியாது. சென்னையிலிருந்து வாங்கி வரச் சொல்கிறவர்களுக்கு: இந்தியாவில் 2018 முதல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சொந்தக்காரர் பெட்டியில் பத்து அட்டை டிரமடால் வைத்து அனுப்புவது அவருக்குச் செய்கிற உதவி இல்லை.

கோலாலம்பூரில் யாரைப் பார்ப்பது?

மாதக்கணக்கில் வலி இருந்து, மருந்து கூடிக்கொண்டே போனால், வலி சிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பும்படி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை, செலாயாங் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகியவற்றில் இந்தப் பிரிவு உண்டு. நோய் முற்றியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, செராஸில் 1991 முதல் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தாதியரையும் மருத்துவரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. கட்டணம் இல்லை, மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவர்கள் வரும் நாளில் வலியைக் குறித்து வைத்த அந்த நோட்டையும் மருந்துப் பையையும் எடுத்து வையுங்கள்.